பிறவி வெறுப்பு

பேராசிரியர் ஆய்வுத் தட்டை மேசையில் வைத்த வேகத்தில் அதன் மூடி எகிறி விழுந்தது.

"இது என் பெட்டியில வளர்த்த புழு. நீ சொல்ற நோய்க்கிருமியோட வாடைகூட இதுங்க மேல பட்டதில்ல. விடு, பாப்போம்."

எதிரே அவருடைய ஆய்வு மாணவி. அவருக்குப் பின்னால் ஆய்வகமே கூடியிருந்தது. ஒருவரும் அவளுக்காக வாய் திறக்கவில்லை. ஆறு வருடமாக அவளையே ‘புழு’ என்று கூப்பிட்டுச் சிரித்தவர்கள்தான்.

நோய்க்கிருமியைக் கண்டால் விலகும் வெறுப்பு புழுவுக்குப் பிறவியிலேயே உண்டு என்பது அவர் எழுதிப் பேர் வாங்கிய முடிவு. இல்லை, பட்டுத்தான் தெரிந்துகொள்கிறது என்பது அவளுடையது.

அந்தக் கிருமியின் வாசனை புழுவுக்குப் பிடிக்கும். புதுப் புழு நேராக அதனிடம்தான் ஓடும். தின்று, நோயில் விழுந்து, பிழைத்த புழுதான் அடுத்த முறை அதே வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அவர் தட்டிலிருந்து கொஞ்சம் புழுக்களைக் கழுவி எடுத்து, வேறொரு தட்டின் நடுவில் விட்டாள். ஒரு ஓரத்தில் கிருமி. மறு ஓரத்தில் அவை வழக்கமாகத் தின்னும் பாக்டீரியா.

ஒரு மணி நேரம் யாரும் உட்காரவில்லை.

நூற்றுச் சொச்சம் புழுக்கள். கிருமியின் பக்கம் போனவை நான்கே நான்கு.

யாரோ கை தட்டினார்கள்.

"ஆறு வருஷம் தண்டம். நாளைக்கு வந்து உன் சாமானையெல்லாம் எடுத்துக்கோ."

எல்லோரும் அவரோடு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அழுதுவிடக்கூடாது என்பதற்காகவே, அவர் தட்டில் மிச்சமிருந்த புழுக்களை நுண்ணோக்கியில் வைத்து, குனிந்து பார்த்தாள்.

புழுவின் உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்.

ஒன்றைப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். பத்துப் பதினைந்தைப் பார்த்தாள்.

எல்லாவற்றின் குடலும் புடைத்துக் கிடந்தது. உள்ளே அதே கிருமி. இன்றோ நேற்றோ வந்ததல்ல, நாள்பட்டது.

அப்படியானால் இவை பிறவியில் வெறுக்கவில்லை. நோயில் கிடந்து கற்றவை. அவர் தன் பெட்டியை நம்பி எழுதிய அத்தனையும் தப்பு.

கதவு திறந்தது. பேராசிரியர் தனியாகத் திரும்பி வந்திருந்தார்.

மனிதர் நொறுங்கிப்போவாரே என்று ஒரு கணம் அவளுக்கு இரக்கம்கூட வந்தது.

"சார், உங்க பெட்டியிலயே கிருமி இருக்கு. நீங்களே வந்து பாருங்க."

அவர் நுண்ணோக்கியின் பக்கமே வரவில்லை. கதவைச் சாத்தினார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"