ஜோசப்பின் டீச்சரின் தகுதிச் சான்று

டாக்டர் பரமானந்தம் அவள் முதுகிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார். போகிற போக்கில் ஏதோ கேட்டார்.

"ஆமாங்க டாக்டர்" என்றாள் ஜோசப்பின்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "எத்தனை பிள்ளைங்க இருக்குன்னு கேட்டா ஆமாங்கிறீங்களே, டீச்சர்."

"பதினேழுங்க."

"பயப்படாதீங்க. வருசா வருசம் நடக்குறதுதானே."

பெருமாள்மலையில் மாதா கோயிலுக்குப் பின்னால், தகரக்கூரை போட்ட குழந்தைகள் காப்பகத்தை எமர்ஜென்சி முடிந்த வருடத்திலிருந்து அவள்தான் நடத்துகிறாள். லைசென்ஸ் அவள் பெயரில். ஆண்டுதோறும் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு வந்து உடம்பைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தகுதியானவள் என்று எழுதி வாங்கி மதுரைக்கு அனுப்பினால்தான் அது புதுப்பிக்கப்படும்.

சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டாள். நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினாள். நகங்களைப் பார்த்தார்.

அவர் பேனாவைத் திறந்தார். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, இப்போது கேட்பார் என்று அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்து போட்டார். முத்திரை விழுந்தது.

காதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் ஒரு காது போயிற்று. கிறிஸ்துமஸுக்குள் மற்றதும் அடைத்துக்கொண்டது. அதன் பிறகு எதிரே நிற்பவரின் வாயசைவை வைத்துத்தான் பேச்சை ஓட்டுகிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தவழுகிற பிள்ளை ஒன்று வெந்நீர் அடுப்புப் பக்கம் போய்விட்டது. மற்ற பிள்ளைகள் எல்லாம் கத்தியிருக்கும். தற்செயலாகத் திரும்பிப் பார்த்ததால் பிழைத்தது.

தானே சொன்னால் காப்பகத்தைத் தானே மூடியதாகும். தாய்மார்கள் பிள்ளைகளைக் கிழங்குக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வரப்பில் கிடத்துவார்கள். அப்படிக் கிடத்தித்தான் முருகம்மாளின் மகன் சளியில் செத்தான். டாக்டர் முடியாது என்று சொல்லிவிட்டால் அது சட்டம். யாரும் யாரையும் நோக வேண்டியதில்லை. அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பித்தான் காலையில் பஸ் ஏறியிருந்தாள்.

கதவு வரை போனவள் திரும்பினாள். டாக்டர் நிமிர்ந்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமா, டீச்சர்?"

அவளால் முடியவில்லை. "ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

வெளியே பெஞ்சில், ஆறு மாதப் பெண்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பாப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள். காப்பகத்தில் பிள்ளை விடுகிறவள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் துணைக்கு வந்திருந்தாள். டீச்சர் கையில் காகிதத்தைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பு. தூங்குகிற குழந்தையை டீச்சர் மடியில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனாள்.

ஜோசப்பின் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல உடல்நிலை என்று எழுதியிருந்தது.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். நர்ஸ் ஒருத்தி. கோபமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடுகள் வேகமாக அசைந்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. நர்ஸ் மடியைச் சுட்டிக்காட்டினாள்.

குழந்தையின் முகம் சிவந்து கன்றியிருந்தது. வாய் முழுவதும் திறந்திருந்தது. எவ்வளவு நேரமாக அழுகிறதோ.

பாப்பம்மாள் டீ கிளாஸோடு ஓடிவந்தாள். குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு நர்ஸிடம் என்னவோ சொல்லி அனுப்பினாள்.

"பாப்பம்மா, எனக்கு..." என்று தொடங்கினாள் ஜோசப்பின்.

பாப்பம்மாள் அவள் முகத்துக்கு நேரே குனிந்தாள். உதடுகளைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"தெரியும் டீச்சர். தை மாசத்துலருந்தே எங்க எல்லாத்துக்கும் தெரியும். வேற எங்குட்டுக் கொண்டுபோய் விடுவோம், சொல்லுங்க."

தை மாதத்திலிருந்துதான் தாய்மார்கள் எல்லாரும் அவளுக்கு எதிரே வந்து நின்று, முகம் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்கள்.

அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தாள் ஜோசப்பின்.