கழற்றிய கால்

யாரும் வந்து வேண்டியதைச் செய்துகொள்ளும் தூத்துக்குடி பொதுப் பட்டறையின் வாடகைக்கு இன்றுதான் கடைசிக் கெடு. நிதி திரட்டும் கேமரா, யார் முகத்தில் துயரம் அதிகமோ அந்தப் பக்கம் தானே திரும்பி, அதைக் காட்டி உலகத்திடம் பணம் கேட்கும். பட்டறையை நடத்தும் தஸ்நேவிஸ், லாரி மோதி ஒரு காலை இழந்த அமலோற்பவத்தை அதன் முன் உட்கார வைத்திருந்தான். திரையில், சேர்ந்த பணத்தைக் காட்டும் பச்சைக் கோடு மளமளவென்று ஏறியது.

பட்டறைக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. அரைகுறையாகக் கிடந்த அவளுடைய செயற்கைக் காலைப் பேச்சோடு பேச்சாக முடித்து மாட்டிவிட்டார்கள். அவள் எழுந்து, யாரையும் பிடிக்காமல் நடந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கோடு இறங்கியது. கொடுத்தவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டட முதலாளியின் ஆள் பூட்டோடு வாசலில் நின்றான். தஸ்நேவிஸ் அமலோற்பவத்திடம் வந்தான்.

"யக்கா..." என்றான். அவன் கண் அவளுடைய புதுக் காலில் இருந்தது.

"புரியுதுய்யா." அவள் உட்கார்ந்து, காலின் வார்களைத் தானே அவிழ்த்தாள். "அழவும் செய்யணுமா?"

கேமரா அவளை விட்டு மெல்லத் திரும்பி, தஸ்நேவிஸின் முகத்தில் வந்து நின்றது. கோடு ஏறத் தொடங்கியது.