ஐந்தாவது பாட்டில் ஒரு குரல்

"எங்கப்பா என்ன, உங்களுக்குக் காட்சிப் பொருளா?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள் நாத்தனார்.

கதவைத் திறந்த தம்பி மனைவி, அந்த வீட்டின் மருமகள், தோளில் மாட்டியிருந்த கிதாரோடு அப்படியே நின்றாள்.

"உள்ள வாங்க அண்ணி. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்காதே." கைபேசியை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ஆபீஸ்ல ஒருத்தி அனுப்பினா. உன் தம்பி பெண்டாட்டி குரூப்பை ஆகா ஓகோன்னு எழுதியிருக்காங்கன்னு. நானும் பெருமையாத்தான் படிச்சேன். கடைசியில வயிறு எரிஞ்சு போச்சு."

அது ஓர் இசைப் பத்திரிகையின் விமர்சனம். மருமகளும் அவளுடைய மூன்று நண்பர்களும் சேர்ந்து நடத்தும், அடித்தொண்டையில் உறுமிப் பாடும் ஹெவி மெட்டல் குழுவின் முதல் ஆல்பத்தைப் பற்றியது. இடிந்த சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்ட தொழிலாளி ஒருவரின் கதையை ஆல்பம் முழுக்கப் பாட்டாகச் சொல்லியிருந்தார்கள். தாளம் நினைத்த இடத்தில் மாறும். ஒரே பாட்டு கால் மணி நேரம் ஓடும். 'முதல் முயற்சியிலேயே இவ்வளவு துணிச்சலா' என்று விமர்சகர் வியந்திருந்தார்.

"கடைசிப் பத்தியைப் படி. சத்தமா படி."

மருமகள் படித்தாள். "'ஐந்தாவது பாட்டில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று அடங்க, மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு பூதத்தின் குரல் எழுகிறது. நான் இன்னும் இங்கதான் இருக்கேன் என்கிறது. யார் குரலோ தெரியவில்லை, முதுகுத்தண்டு சில்லிட்டது.'"

"பூதம். எங்கப்பாவைப் பூதம்கறான். உடனே பாட்டைப் போட்டுக் கேட்டேன். பெத்த பொண்ணுக்கு அப்பா குரல் தெரியாதா?"

மருமகள் கிதாரைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"முப்பது வருஷம் ரயில் நிலையத்துல அறிவிப்பு சொன்ன மனுஷன். அந்தக் குரலைக் கேட்கிறதுக்கே பிளாட்பாரத்துல நின்னவங்க உண்டு. அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில கேன்சர் வந்து, குரல்வளையையே எடுத்தாச்சு. கழுத்துல ஓட்டையோட இருக்கார். காத்தை விழுங்கி, ஏப்பம் மாதிரி வெளிய தள்ளி, அதுல ரெண்டு வார்த்தை பேசறார். அவரோட வியாதி உனக்கு ஸ்பெஷல் எஃபெக்டா?"

"அப்படி நினைச்சுச் செய்யல அண்ணி."

"வேற எப்படி நினைச்சே? உன்னைப் பெத்தவருக்கு இப்படி ஆகியிருந்தா, மைக் முன்னாடி உட்கார வெச்சு உறும விட்டிருப்பியா?"

மருமகளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் வாதாடவில்லை.

"நான்தான் மாமாவைக் கேட்டேன். உங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். தப்புதான்."

"தப்புன்னு சொல்லிட்டாப் போதுமா? இன்னிக்கே அந்தப் பாட்டை எடுத்தாகணும். என் தம்பி வாயில விரலை வெச்சாலும் கடிக்கத் தெரியாதவன். நீ ஆட்டி வைக்கறே, அவன் ஆடறான். நான் அப்படி இல்ல. வக்கீலைப் பார்ப்பேன். அப்பாவையும் கையோட என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். உங்களை நம்பி இங்க விட்டதே என் முட்டாள்தனம்."

பின்பக்க அறையின் கதவு திறந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சார்த்தி வைத்திருந்த அறை அது. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து அப்பா எழுந்து வந்தார். கழுத்தை மறைத்து மெல்லிய துணி கட்டியிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

காற்றை விழுங்கினார். "பாட்டு... கேட்டியா? நல்லா... வந்திருக்கா?"

கரகரத்த, ஆழமான குரல். பாட்டில் கேட்ட அதே குரல்.

"அப்பா, நீங்க யாருக்கும் பயப்பட வேணாம். நான் இருக்கேன். இவங்க உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"ரொம்ப நாளா... நான் வாயே திறக்கல. இவ... பாட்டுக்காக உறுமிப் பழகுவா. மாமா, எனக்கு மூச்சு நிக்கல... நீங்களும் கூட வாங்கன்னு... உட்கார வெச்சா. அப்படியே... பேச்சு திரும்பிச்சு."

"வாயே திறக்கலையா?" நாத்தனார் திகைத்தாள். "ஆஸ்பத்திரியில அந்தப் பயிற்சியை எவ்வளவு ஆசையா கத்துக்கிட்டீங்க. டாக்டரே பாராட்டினாரே."

அடுத்த நொடியே கோபம் மருமகள் பக்கம் திரும்பியது.

"பார்த்தியா லட்சணத்தை? ஒரு வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு, மனுஷன் பேச்சையே விட்டுட்டாரு. ஏன் எதுக்குன்னு யாராவது கேட்டீங்களா? யார் என்ன சொல்லி அவர் மனசை நோகடிச்சீங்க?"

மருமகள் அவசரமாக மாமனார் பக்கத்தில் போனாள். "மாமா, வேணாம். உள்ள போங்க, நான் பேசிக்கறேன்."

"சொல்ல விடு. எனக்குத் தெரிஞ்சாகணும். சொல்லுங்கப்பா, யாரு?"

அப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபமில்லை. இரண்டு முறை காற்றை விழுங்கிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

"உன் வீட்டு விருந்துல... வந்தவங்கல்லாம் ஒரு மாதிரி பார்க்கறாங்கப்பா, பேசாதீங்க, எழுதிக் காட்டுங்கன்னு... சொன்னியேம்மா. அன்னிக்கு நிறுத்தினதுதான்."