1962ஆம் ஆண்டுக் குசினி

“ஆர் வந்து கேட்டாலும் ரூபன் பியர்ப் போத்திலைக் கண்ணாலயும் காணாதவன் எண்டு சொல்லோணும், ராஜினி. கேக்க முதல் நீயாச் சொல்லிப்போடாத. கேட்டாப் பிறகு சொல்லு.”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ராஜினி தலையாட்டினாள். தண்ணீரூற்றுக் கிராமத்தில் அந்த ஒழுங்கை முழுவதற்கும் தங்கம்மா இந்தப் பாடத்தை நடத்தி முடித்திருந்தாள்.

மகன் ரூபன் பள்ளிக்கூட ஆசிரியர். முப்பத்து நான்கு வயது. மூன்று சம்பந்தம் தட்டிப்போய்விட்டது. நான்காவது வவுனியாவிலிருந்து வந்திருந்தது. பெண்ணின் பெயர் யதுர்ஷிகா, வங்கியில் வேலை. சாதகம் நன்றாகப் பொருந்தியிருப்பதாகத் தரகர் சின்னராசா சொல்லியிருந்தார். பெண்ணின் படம் மட்டும் வரவில்லை. விசாரித்து முடித்த பிறகுதான் தருவார்களாம். இதுவும் சரிவராவிட்டால் இனிக் கலியாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று ரூபன் சொல்லிவிட்டான்.

விசாரிக்க யார் வருவார் என்று தெரியாததுதான் சிக்கல். முந்தின நாள் டெங்கு நுளம்பு பார்க்க வந்த சுகாதார உத்தியோகத்தர் தண்ணீர்த் தொட்டியைத் திறக்கும் முன்பே, ரூபன் வெற்றிலைகூடப் போடமாட்டான் என்று மூன்று வீடுகளில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் அதையும் படிவத்தில் எழுதிக்கொண்டு போனார்.

இந்தப் பதற்றத்துக்கு நடுவில்தான் படப்பிடிப்புக்காரர் வந்து இறங்கினார்கள். 1962இல் நடக்கும் துப்பறியும் கதை. இயக்குநர் சுகிர்தன் பழைய வீடு தேடி மாவட்டம் முழுவதும் அலைந்திருக்கிறான். போன இடமெல்லாம் போருக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்ட வீடுதான். தங்கம்மாவின் வீடும் அதேதான். ஆனால் வீட்டுத்திட்டம் குசினி வரை வந்து சேரவில்லை. கிடுகுக் கூரையும் மண் அடுப்புமாக அது யாருடைய உதவியும் இல்லாமல் 1962இலேயே நின்றது. பிளாஸ்ரிக் வாளிகளை மட்டும் வெளியே எடுத்தார்கள்.

துப்பறிபவள் ஓர் இளம்பெண். இரட்டைப் பின்னல், வட்டக் கண்ணாடி, அந்தக் காலத்துச் சேலை, கையில் ஒரு கொப்பி. கதையில் அவள் பெயர் கமலாசனி. படப்பிடிப்புக்காரரும் அவளை ‘மிஸ் கமலாசனி’ என்றே கூப்பிட்டார்கள். சாட்சி சொல்லும் தாயாக நடிக்க வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், வீட்டுக்கார அம்மாவையே நடிக்க வைக்கலாம் என்று சொன்னவளும் அவள்தான்.

காட்சி சிறியது. கூட்டுறவுச் சங்கக்கடையில் களவு போயிருக்கிறது. மகன்மேல் சந்தேகம். அவனை அங்கே கண்டதாகச் சொல்பவள் அவன் மனைவி. தாய் பொய் சொல்லி மகனைக் காப்பாற்ற வேண்டும்.

“வசனம் பாடமாக்கத் தேவையில்லை, அம்மா. நான் கேக்கிறன், நீங்கள் வாயில வாறதைச் சொல்லுங்கோ” என்றாள் மிஸ் கமலாசனி.

தங்கம்மா கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு அடுப்படியில் குந்தினாள். கமரா ஓடத் தொடங்கியது.

“அண்டைக்கு ராத்திரி உங்கட மகன் எங்க?”

“இஞ்சதான். நெஞ்சு நோவெண்டு படுத்திருந்தவன். நான்தான் எண்ணெய் பூசிவிட்டனான்.”

“சங்கக்கடைக்குப் பின்னால கண்டதெண்டு உங்கட மருமகள் சொல்லுறா.”

“அவளோ? அவள் வாயைத் திறந்தாப் பொய், மிஸ். விடிஞ்சு எட்டு மணிக்கும் எழும்பாதவள் ராத்திரியில என்னத்தைக் கண்டவள்? ராசா மாதிரி இருந்த பிள்ளை, இவள் வந்தாப் பிறகு ஓடாத் தேஞ்சு போனான். படிச்சவளாம். படிச்சென்ன, ஒரு சொதி வைக்கத் தெரியுமே?”

சுகிர்தன் நிறுத்தச் சொல்ல மறந்து நின்றான். தங்கம்மா நிறுத்தவும் இல்லை. மருமகள் தாய்வீட்டுக்கு மாங்காய் கடத்தியது, மாமியின் செருப்பை நாய்க்குப் போட்டது, செத்தவீட்டில் சிரித்தது என்று இல்லாத மருமகளின் குற்றங்கள் கால் மணித்தியாலம் நீண்டன. இடையில் வற்றாப்பளை அம்மன்மேல் இரண்டு சத்தியம். கடைசியில் மூக்கைச் சிந்தி அழுதாள். மைக் பிடித்திருந்தவனும் கண்ணைத் துடைத்தான். மிஸ் கமலாசனி மட்டும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ரூபன் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்து, கோப்பைகளையும் தானே கழுவி வைத்தான். படம் எப்போது வெளிவரும் என்று தங்கம்மா இரண்டு தரம் கேட்டாள். கலியாணத்துக்கு முன் வந்தால் பெண்வீட்டாருக்கும் பெருமைதானே.

மூன்றாம் நாள் சின்னராசா தொலைபேசியில் வந்தார்.

“தங்கம்மாக்கா, அவை விசாரிச்சு முடிச்சிட்டினமாம். சரிவராதாம்.”

“ஒருத்தரும் வரேல்லையே. ஆரிட்ட விசாரிச்சவை? ராஜினி ஏதும் உளறினவளோ?”

“ராஜினி பாவம், அவாவை விடுங்கோ. உங்கட குசினியில துப்பறிய வந்த பிள்ளைதான் யதுர்ஷிகா. பாங்க் லீவில நடிக்கிறவாவாம். படக்காரருக்கு உங்கட வீட்டைக் காட்டினதும் அவாதானாம்.”

தங்கம்மா கதிரையில் இருந்துவிட்டாள்.

“என்ர பிள்ளையில என்ன குறை கண்டவளாம்?”

“ரூபனில ஒரு குறையுமில்லையாம், அக்கா. அந்தப் பிள்ளை விசாரிக்க வந்தது மாமியையாம்.”