முதல் தரக் குதிரை

"ஆயிரத்து இருநூறு மீட்டர்ல மூணு தடவை முதல்ல வந்த குதிரை, ரெண்டாயிரத்து நானூறுல கடைசியாவா வரும்?"

லாயமே அதிரும்படி கத்தினார் முதலாளி. பயிற்சியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஜாக்கிதான் முகத்துச் சேற்றைத் துடைத்தபடி, "முதல் சுற்று வரைக்கும் நாமதான் சார் முன்னாடி" என்றான்.

"அப்புறம் என்ன கேடு வந்தது? கை வலிச்சுதா உனக்கு?"

"நான் விரட்டிக்கிட்டேதான் இருந்தேன். அதுவா வேகத்தைக் குறைச்சிடுச்சு."

"பொய்! இது முதல் தரக் குதிரை, எவ்வளவு தூரம்னாலும் ஓடும். உங்க ரெண்டு பேரையும் நம்பினேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். நாளையிலேருந்து ஒருத்தரும் இங்கே தலைகாட்டக் கூடாது!"

பயிற்சியாளருக்குப் பொறுமை போய்விட்டது. செல்போனில் பந்தய வீடியோவை ஓடவிட்டு முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினார். "நல்லா பாருங்க."

முதல் சுற்று முடியும் கம்பத்தருகே குதிரை தலையைத் திருப்பி, வேலியோரமாக ஒதுங்கி, ஏறக்குறைய நின்றேவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கைதட்டிக்கொண்டு நின்றவர் சாட்சாத் முதலாளிதான்.

"சின்னப் பந்தயம் ஒரே சுற்று. அந்தக் கம்பத்தோட முடிஞ்சிடும். மூணு தடவையும் ஜெயிச்ச கையோட, அதே இடத்துல நின்னு அதுக்கு என்ன கொடுத்தீங்க?"

முதலாளி வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து குதிரை மூக்கை நீட்டி அவருடைய கோட்டுப் பைக்குள் நுழைத்தது.

அதன்பிறகு லாயத்தில் சர்க்கரைக் கட்டி கடிபடும் சத்தம் மட்டுமே கேட்டது.