முனிகிருஷ்ணனின் பிரான்ஸ்

ஐரோப்பாவின் தலையெழுத்து இன்று காலை ரேணிகுண்டாவில் எழுதப்படுகிறது. எழுதுகிற முனிகிருஷ்ணன் கைலியோடு உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் வெயில் லேப்டாப் திரையில் விழாதபடி ஒரு தலையணையைச் சாய்த்து வைத்திருக்கிறார். வெளியே ஸ்டேஷன் ஒலிபெருக்கி ஏதோ ஒரு ரயிலுக்காகத் தெலுங்கில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறது. போர் வியூக விளையாட்டு ஒன்றுக்காக இரண்டு மாதம் சரித்திரம் படித்து அவர் உருவாக்கிய பிரான்ஸ், சோதனை ஓட்டத்தில், விளையாட்டுக் கணக்கில் இருபது வருஷம் தாக்குப்பிடிக்க வேண்டும். இல்லையென்றால் விளையாட்டைத் தயாரிக்கும் கிரண்குமார் அந்த நாட்டை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவான். அவன் சித்தூரிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருக்கிறான். “கோட்டைக்கு இருபது சதவீதம் போனஸ், கிரண். 1793ல ஊரையே பட்டாளத்துக்கு இழுத்தாங்களே, அதுக்கு முப்பது. ஆதாரம் இல்லாம ஒரு பாயின்ட்கூட குடுக்கல.” சொல்லும்போதே அவர் விரல்கள் மேசையில் முரசடிக்கின்றன.

வெங்காயம் உரித்துக்கொண்டே மனைவி தேன்மொழி திரையை எட்டிப் பார்க்கிறாள். “பட்டாளத்துல எட்டு லட்சம் பேரா? இவுங்கல்லாம் இன்னாத்த துன்னுவாங்க?” “வரிசையில நிக்கிறவனுக்கு சோறு தானா வரும்மே. திருமலைக்கு நீ இன்னா, அரிசி தூக்கிக்கினா போன?” “அங்க பெருமாள் கீறாரு. இங்க யாரு கீறா?” போனில் கிரண்குமார் சிரிக்கிறான். முனிகிருஷ்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துகிறார். நீலச் சட்டை வீரர்கள் வரைபடமெங்கும் முளைக்கிறார்கள். முரசு கொட்டுகிறது, கொடிகள் பறக்கின்றன, அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுகிறார். மூன்றாம் மாதத்தில் பிரெஞ்சுப் படை மொத்தமும் பட்டினியில் செத்துப்போகிறது. போரை இன்னும் யாரும் அறிவிக்கவில்லை.