நைட்ரேட் இருபது

முதலாமாண்டு வேதியியல் ஆய்வகத்தில் அவள் தான் கொண்டுவந்த தண்ணீரை மூன்றாம் முறையாகச் சோதித்துவிட்டாள். கருவி அதே கணக்கைத்தான் காட்டியது. லிட்டருக்கு நூற்றெண்பது மில்லிகிராம் நைட்ரேட்.

ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்தார். "எல்லாருக்கும் இருபதுக்குள்ளதான் வருது. உனக்கு மட்டும் எப்படிம்மா? குழாயைச் சரியாக் கழுவியிருக்க மாட்டே."

"நல்லாத்தான் சார் கழுவினேன்."

"அப்போ மறுபடியும் செய். மணி அடிக்கப் போகுது."

இந்தச் செய்முறையில் மதிப்பெண் குறைந்தால் அடுத்த ஆண்டு வேதியியலை முதன்மைப் பாடமாக எடுக்க முடியாது. தோழியின் நோட்டை ஓரக்கண்ணால் பார்த்து, இருபது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். முழு மதிப்பெண் கிடைத்தது. வீட்டில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

அந்த மாதமே அக்காவின் கைக்குழந்தை உதடும் நகமும் நீலம் பாரித்து மருத்துவமனையில் கிடந்தது.

"பால் பவுடரை எந்தத் தண்ணியில கலக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் டாக்டர்," என்றாள் அக்கா.

"அதுல நைட்ரேட் எவ்வளவு இருக்குன்னு சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"பார்க்காம கொடுப்போமா? முதல்ல கேன் தண்ணிதான் வாங்கினோம். அப்புறம் என் தங்கச்சியே கிணத்துத் தண்ணியைக் காலேஜுக்குக் கொண்டுபோய்ச் சோதிச்சு, ஒரு குறையும் இல்லன்னு சொன்னா. அன்னைக்குத்தான் கேன் தண்ணியை நிறுத்தினோம்."